லெந்து வீட்டு ஜெபத்தை நிறுத்திவிட்டார்கள், உங்கள் சேகரத்தில் எப்படி?

பனைவிளை
மார்ச் 2, 2025, இரவு 9.50

வருகிற புதன்கிழமை சாம்பல் புதன், ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான லெந்து தொடங்குகிற நாள். இன்று காலை ஆராதனையில் அறிவிப்பு வாசிக்கும்போது, இந்த வருஷம் லெந்து நாட்களில் வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபம் கிடையாது, அதற்குப் பதிலாகத் தினமும் காலை 5 மணிக்கு வாட்ஸ்அப்பில் பத்து நிமிஷத் தியானம் குரல் பதிவாக வரும், குடும்பமாக உட்கார்ந்து கேளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். கமிட்டி சொல்லும் காரணம் எதுவும் பொய் இல்லை. பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வு. போன வருஷம் நாலாவது வெள்ளிக்கிழமை எங்கள் போதகரான ஐயரையும் அவருக்கு உதவும் உபதேசியாரையும் சேர்த்து மொத்தமே ஒன்பது பேர்தான். எல்லாம் சரி. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் மனசு ஆறவில்லை, அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்களுடையது தூத்துக்குடி-நாசரேத் திருமண்டலத்தில் ஒரு சின்னச் சேகரம், அதாவது ஒரு ஐயரின் பொறுப்பில் இருக்கிற சபை வட்டாரம். என் அம்மா கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த காலத்திலிருந்தே லெந்து என்றால் வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபம்தான். வாரம் ஒரு தெரு, அந்தத் தெருவில் ஒரு வீடு. அன்றைக்கு அந்த வீட்டு முற்றம் பெருக்கித் தண்ணீர் தெளித்திருக்கும், கோயிலிலிருந்து ஜமுக்காளமும் இரண்டு பெஞ்சும் வந்து இறங்கும். ஏழு மணிக்கு ஒரு பாட்டு, 51ஆம் சங்கீதம், வேதபாடம், ஜெபம், எட்டுக்கெல்லாம் முடிந்துவிடும். கடைசியில் சுக்குக் காப்பி மட்டும். பலகாரம் கூடாது என்பது பழைய கட்டுப்பாடு, பலகாரத்துக்கு ஆகிற காசு லெந்து டின்னுக்குப் போக வேண்டும். பால்பவுடர் டின்னில் ஊதாத் தாள் ஒட்டி, மூடியில் கீறல் போட்டு, அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைத்திருப்போம். ஈஸ்டர் அன்று எல்லா டின்னும் கோயிலுக்குப் போகும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்தது ஒன்று சொல்கிறேன். எங்கள் தெருக் கடைசியில் தனியாக இருக்கும் ஒரு பாட்டியம்மா வீட்டில் ஜெபம். நாங்கள் போனபோது மண்ணெண்ணெய் விளக்கு ஏற்றி வைத்திருந்தார்கள். லெந்து காலம், ஏதோ எளிமைக்காக வைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். ஜெபம் முடிந்து என் மனைவி டம்ளர் கழுவ உள்ளே போனவள் அடுப்படி சுவிட்சைத் தட்டியிருக்கிறாள், எரியவில்லை. கேட்ட பிறகுதான் தெரிந்தது, பில் கட்டாமல் மூன்று வாரமாக கரண்ட் இல்லை. ஞாயிறு தவறாமல் கோயிலுக்கு வருகிறவர்கள், ஒருவரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, நாங்களும் எட்டிப் பார்க்கவில்லை. திங்கட்கிழமை போய்க் கட்டினோம். தொகை பெரிதில்லை. ஆனால் அந்த வீட்டுக்குள் நாங்கள் நுழையக் காரணமாக இருந்தது லெந்து வெள்ளிக்கிழமைதான். குரல் பதிவு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அது அந்த அடுப்படிக்குள் போகாது.

உங்கள் பக்கம் லெந்தை எப்படி அனுசரிக்கிறீர்கள்? விட்டுப்போனதை யாராவது திரும்ப எடுத்து நடத்தியிருக்கிறீர்களா?

ஊசிக்கோபுரம்
மார்ச் 2, 2025, இரவு 10.35

அண்ணே, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் அந்தக் குரல் பதிவைக் குறைவாகப் பேசாதீர்கள். பாளையங்கோட்டையில் எங்கள் சேகரத்தில் நாலு வருஷமாக அனுப்புகிறார்கள். என் அம்மா படுக்கையில் இருக்கிறார்கள். காலையில் போனை அவர்கள் காதருகே வைத்தால் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு ஆமென் சொல்வார்கள். அவர்களுக்கு இப்போது அதுதான் கோயில்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் வீட்டு ஜெபம் நின்றுபோனதற்குக் காரணம் வாட்ஸ்அப் இல்லை, பலகாரம். முதலில் சுக்குக் காப்பி. அப்புறம் ஒரு வீட்டில் வடை போட்டார்கள். அடுத்த வீட்டில் வடையோடு கேசரி. அதற்கடுத்த வீட்டில் இட்லி, இடியாப்பம், குருமா. அந்த அளவுக்குச் செய்ய முடியாதவர்கள் ‘எங்கள் வீட்டில் இடம் போதாது’ என்று ஒதுங்கிக்கொண்டார்கள். கடைசியில் ஐந்தாறு வசதியான வீடுகளுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி நடந்தது. நோன்பு நாளில் ஏழை வீட்டுக்காரரைக் கூச்சப்பட வைத்துவிட்டோம். பசித்தவனோடு அப்பத்தைப் பகிர்வதே நோன்பு என்று சொல்கிற ஏசாயா 58ஐ வருஷா வருஷம் வாசித்துக்கொண்டே இதைச் செய்தோம் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு வேதனைதான்.

பனைவிளை
மார்ச் 2, 2025, இரவு 11.05

தம்பி சொல்வது உண்மை. எங்கள் தெருவிலும் கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பழக்கம் வந்துவிட்டது, போன வருஷம் எங்கள் வீட்டிலேயே சுண்டல் செய்தோம். அம்மாவுக்காக நீங்கள் சொன்னதையும் எடுத்துக்கொள்கிறேன். பதிவு வரட்டும், அதைக் கேட்க முடியாதவர் வீட்டுக்கும் யாராவது போகட்டும் என்பதுதான் என் ஆசை.

லெஸ்டர்_அக்கா
மார்ச் 3, 2025, அதிகாலை 3.20

தம்பி, நான் இங்கே இங்கிலாந்தில் லெஸ்டரில் இருக்கிறேன், சொந்த ஊர் சாயர்புரம் பக்கம். வந்து பதினோரு வருஷமாகிறது. முதல் வருஷம் இங்குள்ள பாரிஷ் ஆலயத்துக்குப் போனபோது, லெந்து என்றால் இவர்களுக்குச் சாக்லேட் விடுவது மட்டும்தான் போல என்று நினைத்தேன். நாளைக்கு ‘பேன்கேக்’ நாள், முட்டையும் வெண்ணெயும் பாலும் லெந்துக்கு முன்னால் தீர்ந்துபோக வேண்டும் என்பதற்காக அந்தக் காலத்தில் சுட்டதாம், ஆலய ஹாலில் பிள்ளைகளெல்லாம் சட்டியும் கையுமாக ஓடுவார்கள்.

பார்த்துப் பழகப் பழகத்தான் தெரிந்தது, இங்கேயும் வீட்டு ஜெபம் இருக்கிறது. ‘லெந்து குரூப்’ என்பார்கள். ஆறேழு பேர், வாரம் ஒரு சாயங்காலம், ஒருவர் வீட்டு வரவேற்பறை, ஒரு வேதபகுதி, தேநீர். புதன்கிழமை மத்தியானம் ஹாலில் சூப்பும் ரொட்டியும் மட்டும், சாப்பிட்டவர்கள் வழக்கமாக ஒரு சாப்பாட்டுக்கு ஆகிற தொகையைப் பெட்டியில் போட வேண்டும், அது இங்குள்ள உணவு வங்கிக்குப் போகிறது. பாருங்கள், உங்கள் சுக்குக் காப்பியும் ஊதா டின்னும் வேறு பாஷையில்.

எங்கள் குரூப்பில் எண்பத்து மூன்று வயது அம்மா ஒருவர். கணவர் இறந்த முதல் வருஷம் அவர் வீட்டில்தான் வைக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். முதல் நாள் நாங்கள் போனபோது எட்டு நாற்காலியையும் தானே இழுத்துப் போட்டுவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். வாரத்தில் அந்த ஒரு சாயங்காலம்தான் அந்த வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்டது. பேர் எண்ணிக்கையை வைத்து முடிவெடுக்காதீர்கள் என்று உங்கள் கமிட்டியிடம் சொல்லுங்கள் தம்பி. ஒன்பது பேர் என்பது இங்கே பெரிய கூட்டம்.

நாஞ்சில்_அலை
மார்ச் 3, 2025, காலை 7.10

நான் நாகர்கோவில். எங்கள் குடும்பம் எல்.எம்.எஸ். (லண்டன் மிஷனரி சங்கம்) வழிவந்த சபை. சாம்பல் பூசுவதெல்லாம் ஆர்.சி. பழக்கம் என்று சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள். வேலைக்காகச் சென்னை வந்த பிறகு இங்குள்ள சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆலயத்தில் போன வருஷம் நெற்றியில் சாம்பல் வைத்தார்கள். எனக்குச் சங்கடமாகி வரிசையிலிருந்து விலகி உட்கார்ந்துகொண்டேன். நாளை மறுநாள் மறுபடியும் அந்த நாள் வருகிறது. சண்டைக்குக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். இது நம்முடைய வழக்கம்தானா?

பழைய_ஜெபபுத்தகம்
மார்ச் 3, 2025, காலை 9.40

மகனே, நல்ல கேள்வி. நான் ஓய்வுபெற்ற ஆசிரியர், நாற்பது வருஷமாகக் கோயிலில் வேதபாடம் வாசித்துவருகிறேன், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

இங்கிலாந்தில் ஆறாம் எட்வர்ட் ராஜா காலத்தில், 1548இல், சாம்பல் பூசுவதை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு வந்த ஜெப புத்தகங்களில் சாம்பல் புதன் என்ற பெயர் இருந்தது, சாம்பல் இல்லை. 1662ஆம் வருஷத்து ஜெப புத்தகத்தில் அந்த நாளுக்கென்று ஒரு மனந்திரும்புதலின் ஆராதனை உண்டு, 51ஆம் சங்கீதத்தை எல்லாரும் முழங்காலில் நின்று சொல்ல வேண்டும். பனைவிளைத் தம்பி ஊரில் வீட்டு ஜெபத்தில் 51 சொல்வது எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறது அல்லவா. 1833க்குப் பிறகு ஆக்ஸ்போர்டு இயக்கம் என்று ஒன்று எழும்பி, கைவிட்ட பழைய வழக்கங்கள் பல கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தன. சாம்பலுக்கு இங்கிலாந்து திருச்சபையின் அதிகாரப்பூர்வ ஆராதனைமுறை வந்தது 1986இல்தான்.

நம்முடைய பக்கம் இரண்டு மிஷன். பாளையங்கோட்டை, மெஞ்ஞானபுரம், டோனாவூர் சி.எம்.எஸ். (சர்ச் மிஷனரி சங்கம்), நாசரேத், இடையன்குடி, சாயர்புரம் எஸ்.பி.ஜி. (சுவிசேஷப் பரப்புதல் சங்கம்). இரண்டும் இங்கிலாந்து திருச்சபை வழிவந்த ஆங்கிலிக்கன்தான், ஆனால் எஸ்.பி.ஜி. ஊர்களில் சடங்குமுறை சற்றுக் கூடுதல், சி.எம்.எஸ். ஊர்களில் குறைவு. உங்கள் நாகர்கோவில் எல்.எம்.எஸ். இந்த வழியிலேயே இல்லை. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை ஜார்ஜ் பேராலயத்தில் இத்தனை பேரும் சி.எஸ்.ஐ. என்ற ஒரே திருச்சபையானபோது ஒருவர் வழக்கத்தை இன்னொருவர்மேல் திணிப்பதில்லை என்ற எண்ணத்தோடுதான் சேர்ந்தார்கள். ஆகவே நீங்கள் விலகி உட்கார்ந்ததில் குற்றமும் இல்லை, வரிசையில் போய் நிற்பதில் குற்றமும் இல்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சாம்பல் புதனுக்கான சுருக்க ஜெபத்தை லெந்து முடியும்வரை தினமும் சொல்ல வேண்டும் என்று ஜெப புத்தகத்தில் குறிப்பு இருக்கிறது. அந்த ஜெபம் எப்படித் தொடங்குகிறது தெரியுமா? தேவன் தாம் உண்டாக்கின எதையும் வெறுக்கிறதில்லை என்று. அதற்குப் பிறகுதான் பாவத்தைப் பற்றி வருகிறது. இருபது வயதில் அதை வாயால் சொன்னேன். என் மகனோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த ஒரு லெந்தில், பதினைந்தாம் நாளோ பதினாறாம் நாளோ, அதைச் சொல்ல வாயெடுத்துச் சொல்ல முடியாமல் நின்றுவிட்டேன். அன்று மத்தியானம் அவனுக்குப் போன் செய்தேன். தினமும் ஒரே ஜெபத்தைச் சொல்வதில் என்ன இருக்கிறது என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது அதுதான்.

நாஞ்சில்_அலை
மார்ச் 3, 2025, காலை 10.05

நன்றி ஐயா. புதன்கிழமை போகிறேன்.

மல்லிகைச்சரம்
மார்ச் 3, 2025, பகல் 12.30

நடுவில் ஒரு கேள்வி, தப்பாக நினைக்காதீர்கள். மாப்பிள்ளை வீட்டார் வெளிநாட்டிலிருந்து மார்ச் கடைசியில் வருகிறார்கள். லெந்து நாளில் நிச்சயதார்த்தம் வைக்கலாமா?

ஊசிக்கோபுரம்
மார்ச் 3, 2025, பகல் 1.15

கல்யாணம் எங்கள் பக்கம் லெந்தில் வைப்பதில்லை அக்கா. நிச்சயதார்த்தத்துக்கு உங்கள் ஐயரிடம் பேசுங்கள். வீட்டளவில் எளிமையாக ஜெபம் பண்ணி வைத்துக்கொள்ளச் சிலர் சம்மதிப்பதுண்டு.

கொழுந்துமலை
மார்ச் 4, 2025, இரவு 8.15

நான் இலங்கையிலிருந்து எழுதுகிறேன், ஹட்டன் பக்கம். நாங்கள் இலங்கைத் திருச்சபை, ஆங்கிலிக்கன்தான். 1854இல் தோட்டத் தொழிலாளருக்கென்று ஒரு தமிழ் மிஷன் தொடங்கினார்கள், அதற்கு உபதேசிமார் வந்ததே உங்கள் திருநெல்வேலியிலிருந்துதான். அதனால் பனைவிளை அண்ணன் எழுதியதைப் படிக்கும்போது எங்கள் வீட்டுப் பழைய கதையைப் படிப்பது மாதிரி இருந்தது.

எங்களுக்கு லெந்து ஜெபம் லயத்தில்தான், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில். பறித்த தேயிலைக் கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்து குளித்து முடிக்கவே ஆறரை ஆகிவிடும். லயக் காமிராவில், அதாவது லயத்து அறையில், பத்துப் பேர் உட்கார்ந்தால் கதவைச் சாத்த முடியாது, மிச்சம் பேர் வாசலில் குளிரில் நிற்பார்கள். பக்கத்துக் காமிராக்காரர் இந்துவாக இருப்பார், அவர் வீட்டு டிவியைத் தானாகவே அணைத்துவிடுவார். இங்கே யாரும் ‘இந்த வருஷம் வேண்டாம்’ என்று சொன்னதில்லை, ஏனென்றால் கோயில் மூன்று மைல் மேலே இருக்கிறது, பாதிரியார் மாதம் ஒருமுறைதான் எங்கள் டிவிஷனுக்கு வர முடியும். 2022இல் கோதுமை மா விலை ஏறி, கேஸும் இல்லாமல் கிடந்த காலத்தில் லெந்துக்கு என்ன விடுவது என்று யோசிக்கவே தேவை இருக்கவில்லை. அந்த வருஷமும் பிடி அரிசி சேர்த்தோம். ஒவ்வொரு முறை உலை வைக்கும்போதும் ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப் பையில் போடுவது. வாரக் கடைசியில் அதை ஒன்றாகக் கொட்டி, வேலைக்குப் போக முடியாத இரண்டு வீட்டுக்குக் கொடுத்தோம். அதில் ஒரு வீடு கிறிஸ்தவர் இல்லை.

லெஸ்டர்_அக்கா
மார்ச் 5, 2025, அதிகாலை 2.40

பிடி அரிசி! எங்கள் பாட்டி வீட்டு அடுப்படியில் அதற்கென்று ஒரு சின்ன ஓலைப்பெட்டி இருக்கும். 1903இல் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியபோது நம் ஊர்ச் சனங்களிடம் பணம் எங்கே இருந்தது, இப்படிப் பிடி அரிசியும் காசும் சேர்த்துத்தானே தெலுங்கு தேசத்துக்கு ஊழியரை அனுப்பினார்கள். இதைப் படித்ததும் எழுந்துபோய் அரிசி டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு வந்தேன்.

குவையர்_ஆல்டோ
மார்ச் 7, 2025, மாலை 6.25

எல்லாரும் எழுதுவதைப் படித்தேன். எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. நாம் கூட்டம், காணிக்கை என்று பேசுகிறோமே தவிர, நோன்பு என்ற விஷயத்தையே தொடவில்லை. எங்கள் சபையில் இறைச்சி சாப்பிடாமல் இருப்பவர்களே குறைந்துவிட்டார்கள். கேட்டால் ‘மனசுதான் முக்கியம்’ என்கிறார்கள். என் அலுவலகத்தில் மேலப்பாளையத்துக்காரர் ஒருவர், ரமலான் இந்த ஞாயிற்றுக்கிழமைதான் தொடங்கியிருக்கிறது, தண்ணீர்கூடக் குடிக்காமல் பக்கத்து மேசையில் வேலை பார்க்கிறார். சாம்பல் புதன் அன்று நான் பத்து மணிக்கு டீயும் பஜ்ஜியும் வாங்கி வந்து உட்கார்ந்தேன், பாதி டீக்கு மேல் இறங்கவில்லை. நாற்பது நாளும் எல்லா வெள்ளிக்கிழமைகளும் நோன்பு நாள் என்று நம் ஜெப புத்தகத்திலேயே அட்டவணை இருக்கிறது. அதை ஏன் விட்டோம்? உடம்புக்கு வலிக்காத நோன்பு என்ன நோன்பு?

பனைவிளை
மார்ச் 7, 2025, இரவு 10.20

அக்கா, இறைச்சி விடுவதை நானும் விடவில்லை, எங்கள் வீட்டில் ஈஸ்டர்வரை மீன்கூட இல்லை. ஆனால் உடம்புக்கு வலிப்பதைப் பற்றி என் தாத்தா கதையைச் சொல்ல வேண்டும்.

தாத்தா பனையேறி. லெந்து தொடங்குகிற காலமும் பதனீர் இறங்குகிற காலமும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் வரும். விடியுமுன் ஏறத் தொடங்கினால் நாற்பது மரம், சாயங்காலம் பாளை சீவ மறுபடியும் அதே நாற்பது மரம். மனுஷன் பட்டினியாக ஏற முடியாது, தலை சுற்றினால் உயிர் போய்விடும். ஒரு வருஷம் தாத்தா வீம்பாக நோன்பிருந்து, பாதி மரத்தில் கண் இருண்டு, மட்டையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். அப்போதிருந்த ஐயருக்கு விஷயம் தெரிந்து வீட்டுக்கே வந்து, ‘நீ சாப்பிட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும், உனக்கு வேறு நோன்பு தருகிறேன், ஒரு மரத்தைக் கோயிலுக்கு விடு’ என்றாராம். அன்றிலிருந்து கிணற்றடியில் இருந்த மரம், தோட்டத்திலேயே நன்றாகச் சுரக்கிற மரம் அது, லெந்து முழுக்க அதன் பதனீரைப் பாட்டி தனியாகக் காய்ச்சுவார்கள். அந்தக் கருப்பட்டிதான் பெரிய வெள்ளிக்கிழமை மும்மணி ஆராதனை முடிந்து எல்லாருக்கும் ஊற்றுகிற கஞ்சிக்குப் போகும். தாத்தா மற்ற நாளில் மறந்துபோய்க்கூட அந்தக் கலயத்தில் வாய் வைக்க மாட்டாராம். முப்பத்தொன்பது மரத்துப் பதனீரைக் குடித்துக்கொண்டு ஒரு மரத்தைத் தொடாமல் இருந்தவருடைய நோன்பு சின்னது என்று எனக்குத் தோன்றவில்லை.

குவையர்_ஆல்டோ
மார்ச் 8, 2025, காலை 6.50

தோன்றவில்லைதான் அண்ணே. ஆனால் நம்மில் யாரும் இப்போது பனை ஏறவில்லையே. நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கும் நமக்குத் தாத்தாவின் சலுகை பொருந்தாது. நான் இந்த வெள்ளியிலிருந்து மத்தியானச் சாப்பாட்டை விடுகிறேன், அந்தக் காசை டின்னில் போடுகிறேன். ஆமாம், டின் வாங்கியாயிற்று.

ஊசிக்கோபுரம்
மார்ச் 8, 2025, காலை 8.30

ஞாயிற்றுக்கிழமை மட்டும் விடாதீர்கள் அக்கா. சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தைய சனிவரை எண்ணினால் 46 நாள் வரும், ஆறு ஞாயிற்றைக் கழித்தால்தான் 40. ஞாயிறு எப்போதும் உயிர்த்தெழுந்த நாள்.

பனைவிளை
மார்ச் 15, 2025, காலை 5.45

ஒரு செய்தி. திங்கட்கிழமை ஐயரைப் போய்ப் பார்த்தேன். அவர் கோபப்படவில்லை. ‘சேகர அறிவிப்பை மாற்ற முடியாது, ஆனால் உங்கள் தெருவில் நாலு வீடு சேர்ந்து ஜெபிப்பதை யார் தடுத்தது, நேரம் இருந்தால் நானும் வருகிறேன்’ என்றார். நேற்று எங்கள் வீட்டு முற்றத்தில் வைத்தோம். ஆறு பேர். சுக்குக் காப்பி மட்டும், என் மனைவி அதில் உறுதியாக இருந்துவிட்டாள். +2 எழுதுகிற பையன் ஒருவன் வந்து அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் படிக்கப் போனான். காலைக் குரல் பதிவும் கேட்கிறேன், நன்றாகத்தான் பேசுகிறார்கள்.

கொழுந்துமலை
மார்ச் 15, 2025, இரவு 9.00

ஆறு பேரா, கர்த்தருக்கு ஸ்தோத்திரம் அண்ணை. எங்கள் லயத்திலிருந்து உங்கள் தெருவுக்காக ஜெபிக்கிறோம்.

பனைவிளை
ஏப்ரல் 12, 2025, இரவு 10.40

நாளை குருத்தோலை ஞாயிறு. சாயங்காலம் முழுக்கப் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஓலைச் சிலுவை மடித்ததில் விரல் நுனியெல்லாம் கீறியிருக்கிறது.

நேற்றைய ஜெபம் அந்தப் பாட்டியம்மா வீட்டில். நாங்கள் கேட்கவில்லை, கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு இருந்தோம், அவர்களாகவே போன வாரம் என் மனைவி கையைப் பிடித்து ‘அடுத்தது என் வீட்டுல’ என்று சொல்லிவிட்டார்கள். போனபோது முற்றம் சாணம் தெளித்துக் கிடந்தது. உள்ளே மூன்று அறையிலும் விளக்கு, வாசலிலும் ஒன்று, எல்லாவற்றையும் எரியவிட்டிருந்தார்கள். பதினான்கு பேர் வந்தோம், ஐயரும் வந்தார். பாட்டியம்மா 51ஆம் சங்கீதத்தைப் புத்தகம் இல்லாமல் சொன்னார்கள். பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய பெரிய பாத்திரத்தில் காப்பி, டம்ளர் போதாமல் முதலில் குடித்தவர்கள் கழுவிக் கொடுக்கக் கொடுக்க மற்றவர்கள் குடித்தோம்.

கிளம்பும்போது ஐயர், பெரிய வெள்ளிக்கிழமைக் கஞ்சிக்குக் காணத்துவையல் (கொள்ளுத் துவையல்) அரைக்க ஆள் வேண்டும் என்றார். இரண்டு பேர் கை தூக்கினார்கள், அதில் ஒருவர் பாட்டியம்மா. அவ்வளவு காணத்தையும் மிக்ஸியில் அரைத்தால் ருசி வராது, அம்மியை என் வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு போக நாலு பையன்களை அனுப்புங்கள் என்று ஐயரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வியாழக்கிழமை இரவு திருவிருந்து ஆராதனை முடிந்ததும் நான் போய் அம்மியை எடுத்து வர வேண்டும்.